என்கிளெக்ஸ் எழுதப்போகும் நர்ஸுகளுக்கு: மெடிக்கல்-சர்ஜிக்கல் பாடத்தை எங்கிருந்து தொடங்குவது, எப்படி முடிப்பது

பி.எஸ்சி. நர்சிங்கோ ஜி.என்.எம்.மோ முடித்து, சில வருடம் வார்டில் வேலை பார்த்துவிட்டு, இப்போது என்கிளெக்ஸ்-ஆர்.என். எழுதலாம் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அமெரிக்காவிலும் கனடாவின் பெரும்பாலான மாகாணங்களிலும் பதிவு பெற்ற நர்ஸாக (ஆர்.என்.) இந்தத் தேர்வைத் தாண்டியாக வேண்டும். ஆஸ்திரேலியாவும் வெளிநாட்டு நர்ஸுகளில் ஒரு பகுதியினரை இதை எழுதச் சொல்கிறது.

நான் தயாரானபோது அதிகம் திணறியது இரண்டு இடத்தில். எந்த ஆவணத்தை எப்போது தொடங்குவது என்று வரிசையாகச் சொல்ல ஆள் கிடைக்கவில்லை. அப்புறம், கல்லூரியில் படித்த மெடிக்கல்-சர்ஜிக்கல் பாடம் முழுவதும் மீண்டும் முன்னால் வந்து நின்றபோது, அதில் எதைப் படிப்பது, எதை விடுவது என்று புரியவில்லை. இரண்டுக்கும் வழி இருக்கிறது. முதலில் ஆவணம், ஏனென்றால் அது தானாக நகராது.

1. பாஸ்போர்ட்டில் உள்ள பெயரிலிருந்து தொடங்குங்கள்

நம் ஊர்க்காரர்களுக்கு வரும் முதல் சிக்கல் இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயருக்கு முன்னால் ஒரு எழுத்து இருக்கும். நர்சிங் கவுன்சில் பதிவில் அதே எழுத்து பெயருக்குப் பின்னால் இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர் குடும்பப் பெயராக ஏறியிருக்கும். திருமணத்துக்குப் பிறகு பாஸ்போர்ட் எடுத்தவர்களுக்கு அங்கே கணவர் பெயர்கூட இருக்கலாம். தேர்வு மையத்தில் நீங்கள் காட்டும் பாஸ்போர்ட்டும் தேர்வு அனுமதிக் கடிதமும் பெயரில் ஒத்துப்போகாவிட்டால் உள்ளே விட மாட்டார்கள், கட்டிய பணமும் திரும்பாது. அதனால் எந்த விண்ணப்பமானாலும் பாஸ்போர்ட்டில் இருப்பது போலவே பெயரை நிரப்புங்கள். மற்ற சான்றிதழ்களில் வித்தியாசம் இருந்தால், எல்லாப் பெயரும் ஒரே ஆளுடையவைதான் என்று நோட்டரி முன்னால் ஒரு பிரமாணப் பத்திரம் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டிலேயே பிழை இருந்தால், வேறு எதையும் தொடங்கும் முன் அதைத் திருத்துங்கள்.

அடுத்தது எந்த மாநிலத்துக்கு விண்ணப்பிப்பது என்ற முடிவு. அமெரிக்காவில் நர்சிங் உரிமத்தை மாநில வாரியங்கள் தருகின்றன, ஒவ்வொன்றுக்கும் விதி வேறு. சில மாநிலங்கள் அந்த நாட்டின் சமூகப் பாதுகாப்பு எண்ணைக் கேட்கும். சில மாநிலங்கள் ஆங்கிலத் தேர்வை இப்போதே கேட்கும், சில கேட்காது. கலிஃபோர்னியா போன்ற இடத்தில் ஒரு பாடத்தின் வகுப்பும் கிளினிக்கல் போஸ்டிங்கும் ஒரே காலத்தில் நடந்திருக்க வேண்டும் என்று பார்ப்பார்கள். நம் கல்லூரிகளில் வகுப்பு ஒரு வருடமும் போஸ்டிங் அடுத்த வருடமும் நடப்பது சாதாரணம். அதனால் அங்கே பலருக்கு விண்ணப்பம் நின்றுபோகிறது. தோழி எந்த மாநிலத்துக்குப் போட்டாளோ அதற்கே நாமும் போடுவோம் என்று முடிவு செய்யாதீர்கள். வாரியத்தின் இணையதளத்தில் வெளிநாட்டில் படித்தவர்களுக்கான பக்கத்தை முழுதாகப் படியுங்கள்.

பெரும்பாலான வாரியங்கள் உங்கள் படிப்பை மதிப்பிட்ட அறிக்கை ஒன்றைக் கேட்கும். சி.ஜி.எஃப்.என்.எஸ். என்று நாம் பழகிய நிறுவனம்தான் இதில் முக்கியமானது. 2025 முதல் அதன் பெயர் ட்ரூமெரிட். அதற்கு இரண்டு தாள்கள் நேரடியாகப் போய்ச் சேர வேண்டும். ஒன்று, படித்த இடத்திலிருந்து டிரான்ஸ்கிரிப்ட். மற்றது, பதிவு செய்துள்ள கவுன்சிலிலிருந்து உரிமச் சரிபார்ப்பு; தமிழ்நாட்டில் பதிவு செய்தவர்களுக்குச் சென்னையில் உள்ள தமிழ்நாடு நர்சஸ் அண்ட் மிட்வைவ்ஸ் கவுன்சில். நீங்கள் வாங்கிக் கூரியரில் போட்டால் செல்லாது. அனுப்புவது அவர்களாக இருக்க வேண்டும்.

டிரான்ஸ்கிரிப்ட் விஷயத்தில்தான் எனக்கு மாதங்கள் போயின. படித்த இடத்தின் அலுவலகத்தில் முதலில் கொடுத்தது வெறும் மார்க் பட்டியல். தேவைப்படுவது அது இல்லை. மெடிக்கல்-சர்ஜிக்கல், மகப்பேறு, குழந்தைகள், மனநலம் என்று ஒவ்வொரு பாடத்துக்கும் வகுப்பு எத்தனை மணி நேரம், கிளினிக்கல் எத்தனை மணி நேரம் என்று தனித்தனியாக இருக்க வேண்டும். அலுவலகத்துக்குப் போகும்போதே மாதிரிப் படிவத்தை அச்செடுத்துக் கொண்டுபோய் மேஜையில் வையுங்கள். உறையின் மூடியில் முத்திரையும் கையெழுத்தும் விழுந்ததை நின்று பார்த்துவிட்டு வாருங்கள். உள்ளே போகும் தாள்களின் நகல் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள்; பின்னால் ஏதாவது கேள்வி வந்தால் அதுதான் கை கொடுக்கும்.

2. பணமும் மாதங்களும்

தேர்வுக்கான பதிவுக் கட்டணம் 200 டாலர். அமெரிக்காவுக்கு வெளியே எழுதினால் மேலே 150 டாலரும் வரியும். இவை தேர்வை நடத்தும் பியர்சன் வியூ நிறுவனத்துக்குக் கட்டுவது. படிப்பு மதிப்பீட்டு அறிக்கைக்குச் சில நூறு டாலர், மாநில வாரியத்துக்குத் தனிக் கட்டணம், கல்லூரியிலும் கவுன்சிலிலும் கட்டுவது, கேள்வி வங்கிச் சந்தா. எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்ச ரூபாயை ஒதுக்கி வைத்துவிட்டுத் தொடங்குங்கள். வெளிநாட்டுக்குப் பணம் கட்ட உதவும் கார்டு முன்பே வேண்டும். பல டெபிட் கார்டுகளில் அந்த வசதியை வங்கியில் சொல்லித் திறக்க வேண்டியிருக்கும்.

இந்த வேலையை முடித்துத் தருகிறோம் என்று லட்சக்கணக்கில் கேட்கும் ஏஜென்டுகள் நிறைய. அவர்கள் செய்வது நீங்களே நிரப்பக்கூடிய படிவங்களை நிரப்புவதுதான். அதைவிட மோசம், சிலர் தங்கள் மின்னஞ்சலையே உங்கள் கணக்கில் போட்டுவிடுவார்கள். அனுமதிக் கடிதம் அவர்களுக்குத்தான் போகும். உங்கள் கணக்கும் கடவுச்சொல்லும் உங்களிடம் இருக்கட்டும்.

மாதங்களை இப்படி அடுக்கலாம். ஆவணங்களை அனுப்பிய அன்றே படிக்கத் தொடங்குங்கள். அறிக்கை தயாராகி வாரியத்தின் ஒப்புதல் வரச் சில மாதங்களாவது ஆகும். அந்தக் காலம் முழுக்கப் பாடத்துக்கு. தேர்வு அனுமதிக் கடிதம் வந்த பிறகு அது பெரும்பாலும் 90 நாள்தான் செல்லும், நீட்டித்துத் தர மாட்டார்கள். அந்த 90 நாள் கேள்விப் பயிற்சிக்கும் கடைசித் திருப்புதலுக்கும் மட்டும் இருக்க வேண்டும். கடிதம் வந்த பிறகு புத்தகத்தைத் திறப்பவர்கள், கல்லூரி நோட்டைத் தேடுவதிலேயே முதல் மாதத்தை விட்டுவிடுகிறார்கள்.

இன்னொன்றையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். தேர்ச்சி பெற்ற உடனே விசா வந்துவிடாது. நர்ஸுகள் பெரும்பாலும் போகும் இ.பி.3 என்ற வேலைவழிக் குடியேற்ற விசாவில், இந்தியாவில் பிறந்தவர்களுக்கான வரிசை பத்து வருடத்துக்கும் மேல் நீண்டு கிடக்கிறது. குடும்பத்தில் கடன் வாங்கிப் படிப்பவர்கள் இதை வீட்டில் உள்ளவர்களிடம் சொல்லிவிட்டுத் தொடங்குவது நல்லது.

3. ஒரு நோய்க்கு ஒரு பக்கம், நான்கு கேள்வி

கல்லூரித் தேர்வில் இதயச் செயலிழப்பு என்று கேட்டால் விளக்கம், காரணங்கள், வகைகள், அறிகுறிகள், பரிசோதனைகள், சிகிச்சை என்று பதினைந்து மார்க்குக்கு எழுதுவோம். என்கிளெக்ஸில் அந்த வரிசை உதவாது. அங்கே கேட்பது: உங்கள் பொறுப்பில் நான்கு நோயாளிகள், யாரை முதலில் போய்ப் பார்ப்பீர்கள்? இவருக்கு இந்த மாற்றம் தெரிகிறது, முதலில் என்ன செய்வீர்கள்? நோயின் பெயரைக் கண்டுபிடிப்பதற்கு அங்கே தனி மார்க் இல்லை. நர்ஸின் அடுத்த கை அசைவுக்குத்தான் மார்க்.

அதனால் ஒவ்வொரு நோய்க்கும் ஒரு பக்கம் போடுங்கள். அதில் நான்கு கேள்விக்கு மட்டும் பதில். உடம்பில் எது கெடுகிறது (இரண்டு வரிக்கு மேல் வேண்டாம்). எந்த அறிகுறி தெரிந்தால் ஓட வேண்டும். டாக்டரைக் கூப்பிடும் முன் நான் செய்யக்கூடியது எது. வீட்டுக்கு அனுப்பும்போது நோயாளியிடம் என்ன சொல்ல வேண்டும். இரண்டாவது, மூன்றாவது கேள்விகளுக்குப் பதில் எழுத முடியாவிட்டால் அந்த நோயை இன்னும் படிக்கவில்லை என்று அர்த்தம், பாடம் எத்தனை முறை வாசித்திருந்தாலும் சரி.

4. இதயமும் நுரையீரலும்: அதிக நேரம் இங்கே

தொடக்கம் இங்கேதான் இருக்கட்டும். மூச்சுக்குழாய், சுவாசம், ரத்த ஓட்டம் என்ற வரிசைதான் தேர்வில் பல கேள்விகளுக்குப் பின்னால் நிற்கிறது.

மாரடைப்பில் பத்து நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி., ஆஸ்பிரினை மென்று விழுங்கச் செய்வது, ட்ரோப்போனின். நைட்ரோகிளிசரின் கொடுக்கும் முன் இரண்டைப் பார்க்க வேண்டும்: மேல் ரத்த அழுத்தம் 90-க்குக் கீழே இருக்கிறதா, சில்டெனாஃபில் வகை மாத்திரை சமீபத்தில் எடுத்தாரா. இரண்டாவதைக் கேட்க நம் வார்டுகளில் கூச்சப்படுவோம். அங்கே அதைக் கேட்காமல் கொடுப்பது தவறான விடை.

இதயச் செயலிழப்பை இடது, வலது என்று பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். இடது பக்கம் தளர்ந்தால் நீர் நுரையீரலில் தேங்கும்: படுத்தால் மூச்சுத் திணறல், கிராக்கிள்ஸ், முற்றினால் இளஞ்சிவப்பு நுரையாகச் சளி. வலது பக்கம் தளர்ந்தால் கால் வீக்கம், கழுத்து நரம்பு புடைப்பு, ஈரல் வீக்கம். நான்கு நோயாளிகளில் கால் வீங்கியவரையும் நுரை துப்புகிறவரையும் சேர்த்துக் கொடுத்தால், யாரிடம் முதலில் போவீர்கள் என்பது இப்போது தெரிந்திருக்கும். வீட்டுக்குப் போகிறவருக்குச் சொல்வது: தினமும் காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடும் முன், ஒரே எடைக் கருவியில் எடை பாருங்கள், ஒரு வாரத்தில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் கூப்பிடுங்கள்.

டிகாக்சின் கேள்வி ஏதோ ஒரு வடிவத்தில் பயிற்சியில் வந்துகொண்டே இருக்கும். கொடுக்கும் முன் ஒரு முழு நிமிடம் நெஞ்சில் வைத்து நாடி எண்ண வேண்டும். பெரியவர்களுக்கு 60-க்குக் கீழே என்றால் நிறுத்திவைக்க வேண்டும். குமட்டல், பசியின்மை, விளக்கைச் சுற்றி மஞ்சள் பச்சை வளையம் தெரிவது நச்சின் அடையாளம். பொட்டாசியம் குறைந்தவருக்கு அந்த நச்சு எளிதில் வரும்.

நுரையீரலில் நம் பழக்கத்துக்கு எதிராகப் போகும் இடங்கள் சில. சி.ஓ.பி.டி. (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு) நோயாளிக்கு ஆக்சிஜன் சாச்சுரேஷன் 88 முதல் 92 வரை இருந்தால் போதும். 98-க்குக் கொண்டுவர ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டே போகக்கூடாது. ஆஸ்துமாவில் இழுப்புச் சத்தம் திடீரென்று நின்று, ஆள் களைத்துக் கிடந்தால் அது குணமில்லை, காற்றே போகவில்லை என்று பொருள். நால்வரில் முதலில் பார்க்க வேண்டியவர் அவர். நிமோனியாவில் ஆன்டிபயாடிக்குக்கு முன் கல்ச்சர் எடுக்க வேண்டும். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு எழுந்து நடந்தவருக்குத் திடீரென மூச்சுத் திணறலும் நெஞ்சுவலியும் வந்தால் நுரையீரல் ரத்தக்கட்டியை நினைக்க வேண்டும்.

நெஞ்சுக் குழாய்க்கு ஒரு பக்கம் தனியாகப் போடுங்கள். வாட்டர் சீல் அறையில் நீர் மூச்சுக்கு ஏற்ப ஏறி இறங்குவது சரி. அதே அறையில் விடாமல் குமிழி வந்தால் காற்றுக் கசிவு. குழாய் பாட்டிலிலிருந்து கழன்றால் நுனியை ஸ்டெரைல் தண்ணீரில் மூழ்க வைக்க வேண்டும். நெஞ்சிலிருந்தே உருவிக்கொண்டு வந்துவிட்டால், காற்றுப் புகாத டிரெஸ்ஸிங்கை மூன்று பக்கம் மட்டும் ஒட்ட வேண்டும்.

காசநோயை நாம் அன்றாடம் பார்க்கிறோம். அந்த அனுபவமே இங்கே தடுமாற வைக்கும். பொது வார்டில் பக்கத்துப் பக்கத்துப் படுக்கையில் பார்த்தவர்களுக்கு, தனி அறை, நெகட்டிவ் பிரஷர், உள்ளே போகும் நர்ஸுக்கு என்-95, வெளியே வரும் நோயாளிக்கு சர்ஜிக்கல் மாஸ்க் என்பது உடனே தோன்றாது. மருந்தில் ரிஃபாம்பிசின் சிறுநீரை ஆரஞ்சாக்கும், அது பயப்பட வேண்டியதில்லை. ஐசோநையாசிட் கை கால் எரிச்சல் தரும், அதற்கு பி6. எத்தாம்ப்யூட்டால் என்றால் பார்வையையும் நிறம் பிரித்தறிவதையும் கேட்க வேண்டும்.

5. பொட்டாசியத்தைப் பிடித்துக்கொண்டு சிறுநீரகம், ஹார்மோன்

சிறுநீரகம், நீரிழிவு, அட்ரீனல் மூன்றையும் தனித்தனி அத்தியாயமாகப் படித்தால் குழம்பும். எனக்கு உதவிய வழி, பொட்டாசியம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அது போகும் இடமெல்லாம் போவது. சரியான அளவு 3.5 முதல் 5.0. ஃப்யூரோசமைட் அதைக் குறைக்கும். ஸ்பைரோனோலாக்டோனும் ஏ.சி.இ. தடுப்பான்களும் ஏற்றும். சிறுநீரகம் வேலை செய்யாவிட்டால் ஏறும். ஏறினால் ஈ.சி.ஜி.யில் டி அலை கூர்ந்து உயரும். இதயத்தைக் காக்க கால்சியம் குளூக்கோனேட், பொட்டாசியத்தைச் செல்லுக்குள் தள்ள இன்சுலினும் டெக்ஸ்ட்ரோஸும். நரம்பு வழியாகப் பொட்டாசியத்தை எந்தக் காலத்திலும் புஷ் செய்யக்கூடாது. அந்தத் தெரிவு எந்த வேடத்தில் வந்தாலும் தவறு.

அங்கிருந்து டி.கே.ஏ.வுக்கு (நீரிழிவில் கீட்டோன் ஏறி ரத்தம் அமிலமாகும் நிலை) வாருங்கள். ஆழமான வேக மூச்சு, பழ வாசனை, கீட்டோன். முதலில் நார்மல் சலைன். இன்சுலின் தொடங்கும் முன் பொட்டாசியம் பார்க்க வேண்டும், ஏனென்றால் இன்சுலின் அதை இன்னும் கீழே இறக்கும், 3.3-க்குக் கீழே இருந்தால் முதலில் பொட்டாசியம்தான். நரம்பு வழியாகப் போவது ரெகுலர் இன்சுலின். சர்க்கரை 200–250-ஐ ஒட்டி இறங்கும்போது டெக்ஸ்ட்ரோஸ் சேர்ப்பார்கள். அடிசன் நோயில் சோடியம் குறைந்து பொட்டாசியம் ஏறும். அந்த நோயாளி ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தக்கூடாது என்பது வீட்டுக்கு அனுப்பும்போது சொல்ல வேண்டிய முதல் வார்த்தை.

சர்க்கரை 70-க்குக் கீழே, ஆள் விழித்திருக்கிறார் என்றால் 15 கிராம் வேகமான சர்க்கரை, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்ப்பது. நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது: நரம்பு வழியாக டெக்ஸ்ட்ரோஸ் அல்லது குளூக்ககான் ஊசி. தைராய்டு அறுவைக்குப் பிறகு படுக்கையருகே ட்ரக்கியாஸ்டமி செட்டும் கால்சியம் குளூக்கோனேட்டும் இருக்க வேண்டும். வாயைச் சுற்றி மரத்துப்போகிறது என்று நோயாளி சொன்னால் கால்சியம் இறங்குகிறது.

டயாலிசிஸ் நோயாளியின் ஃபிஸ்டுலா கையில் ரத்த அழுத்தம் பார்ப்பதோ ஊசி குத்துவதோ கூடாது. தொட்டால் அதிர்வு, கேட்டால் இரைச்சல் இருக்க வேண்டும், இல்லையென்றால் உடனே சொல்ல வேண்டும்.

6. மூளையும் நரம்பும்

பக்கவாதத்தில் கேள்வி எப்போதும் நேரத்தைப் பற்றித்தான்: கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு? அல்டிப்ளேஸ் கொடுக்க நான்கரை மணி நேரம் வரை. அதற்கு முன் கான்ட்ராஸ்ட் இல்லாத சி.டி., சர்க்கரை அளவு, ரத்த அழுத்தம் 185/110-க்குக் கீழே. விழுங்கும் திறனைச் சோதிக்கும் வரை வாய்வழி ஒன்றும் இல்லை, ஒரு வாய்த் தண்ணீர்கூட.

தலைக்குள் அழுத்தம் ஏறும்போது மேல் ரத்த அழுத்தம் உயர்ந்து, நாடி குறைந்து, மூச்சு ஒழுங்கு கெடும். தலையை 30 டிகிரி உயர்த்தி, கழுத்தை நேராக வையுங்கள்.

வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தையோ இரும்பையோ திணிப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். தேர்விலும் நிஜத்திலும் செய்ய வேண்டியது: பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைப்பது, வாயில் எதையும் வைக்காமல் இருப்பது, கை காலைப் பிடித்து அமுக்காமல் இருப்பது, நேரத்தைக் குறிப்பது. ஐந்து நிமிடம் தாண்டினால் அவசர நிலை, லோரசெபாம் தேவைப்படும்.

முதுகுத் தண்டு டி6 அல்லது அதற்கு மேலே அடிபட்டவருக்குக் கடுமையான தலைவலியும் மிக உயர்ந்த ரத்த அழுத்தமும் வந்தால் முதல் வேலை நிமிர்ந்து உட்கார வைப்பது. அதன் பிறகு கத்தீட்டர் மடங்கியிருக்கிறதா என்று பார்ப்பது. இந்த இரண்டின் வரிசையைத்தான் கேட்பார்கள்.

7. மீதியை வேகமாக

வயிறு: அப்பென்டிசைட்டிஸில் வலி திடீரென்று நின்றால் வெடித்திருக்கலாம், வெந்நீர் ஒத்தடம் கூடாது. சிரோசிஸில் லாக்டுலோஸ் கொடுப்பது மலச்சிக்கலுக்காக இல்லை, அமோனியாவை இறக்க. நாளுக்கு இரண்டு மூன்று முறை இளகிப் போனால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம், அதை வயிற்றுப்போக்கு என்று நினைத்து நிறுத்தக்கூடாது. வயிற்றில் நீர் எடுக்கும் முன் சிறுநீர்ப்பையைக் காலி செய்யச் சொல்ல வேண்டும். ஸ்டோமா சிவந்து ஈரமாக இருந்தால் சரி, கறுத்தால் உடனே அழைப்பு.

ரத்தம் ஏற்றும்போது முதல் 15 நிமிடம் நோயாளியுடனேயே நில்லுங்கள். நடுக்கம், இடுப்புவலி, காய்ச்சல் வந்தால் முதல் வேலை ரத்தத்தை நிறுத்துவது. அதே டியூபில் சலைனை ஓடவிடாமல் புது டியூபில் ஓட விடுங்கள். ஒரு பை நான்கு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும்.

எலும்பில் இரண்டு அவசரங்கள் போதும். மாவுக்கட்டுக்குள் வலி மருந்துக்கும் அடங்காமல் ஏறினால், விரலை நீட்டினால் இன்னும் வலித்தால், காலை இதயத்தின் மட்டத்தில் வைத்து உடனே சொல்லுங்கள், மேலே தூக்கி வைக்காதீர்கள். தொடை எலும்பு முறிந்தவருக்குக் குழப்பமும் மூச்சுத் திணறலும் நெஞ்சில் சிவப்புப் புள்ளிகளும் வந்தால் கொழுப்பு அடைப்பு.

தீக்காயத்தில் மூக்கு முடி கருகியிருந்தால், குரல் கம்மினால் முதலில் மூச்சுக்குழாய். முதல் 24 மணி நேரத்தில் ஏற்ற வேண்டிய திரவத்துக்குப் பார்க்லேண்ட் கணக்கு: 4 மி.லி. பெருக்கல் எடை பெருக்கல் காயத்தின் சதவீதம். 60 கிலோ, 30 சதவீதம் என்றால் 7,200 மி.லி. அதில் பாதி முதல் எட்டு மணி நேரத்தில். எட்டு மணி தீப்பட்ட நேரத்திலிருந்து எண்ணப்படும், ஆஸ்பத்திரிக்கு வந்த நேரத்திலிருந்து இல்லை. இரண்டு மணி நேரம் கழித்து வந்தவருக்கு 3,600 மி.லி.யை ஆறு மணியில் கொடுக்க வேண்டும், மணிக்கு 600.

8. நம் வார்டுப் பழக்கத்தில் ஒதுக்கிவைக்க வேண்டியவை

அனுபவமுள்ள நர்ஸுகள் புதிதாகப் படித்து வந்தவர்களைவிடத் தடுமாறுவது இந்த இடத்தில்தான். நம் வார்டில் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போவது எல்லாம் கூட இருக்கும் வீட்டுக்காரர்கள். அங்கே அது நர்சிங் அசிஸ்டென்டின் வேலை. அவருக்கு அடுத்து எல்.பி.என். (ஆர்.என்.னுக்குக் கீழ்நிலை உரிமம் பெற்ற நர்ஸ்), அவருக்கு மேலே நீங்கள். எந்த வேலையை யாரிடம் கொடுக்கலாம் என்று நிறையக் கேள்விகள் வரும். முதல் மதிப்பீடு, நோயாளிக்குக் கற்றுக்கொடுப்பது, நிலை மாறிக்கொண்டிருக்கும் நோயாளி, இந்த மூன்றையும் ஆர்.என். கையை விட்டுக் கொடுக்கக்கூடாது. நிலையாக இருப்பவரின் பி.பி. பார்ப்பதும் குளிப்பாட்டுவதும் அசிஸ்டென்டிடம் போகலாம்.

அடுத்தது, எல்லாவற்றுக்கும் டாக்டரைக் கூப்பிடுவது. ஆளை நிமிர்த்தி உட்கார வைப்பது, ஓடிக்கொண்டிருப்பதை நிறுத்துவது, ஆக்சிஜன் வைப்பது போல நீங்களே செய்யக்கூடிய ஒன்று தெரிவுகளில் இருந்தால் பெரும்பாலும் அதுதான் முதல் விடை.

மருந்துப் பெயர்களுக்கு ஒரு தனித்தாள் எழுதி சுவரில் ஒட்டுங்கள். நாம் பாராசிட்டமால் என்பதை அவர்கள் அசிட்டமினோஃபென் என்பார்கள். சால்பியூட்டமால் அங்கே ஆல்பியூட்டரால், அட்ரினலின் அங்கே எபிநெஃப்ரின், பெத்திடின் அங்கே மெபெரிடின், கிளிபென்கிளமைட் அங்கே கிளைபுரைட். தேர்வில் பெரும்பாலும் பிராண்ட் பெயர் வராது. மருந்துக்கடைப் பெயரிலேயே பழகியவர்கள் முதல் வாரத்திலேயே மாறிவிடுங்கள்.

9. கேள்விப் பயிற்சி

இதயம், நுரையீரல் என்று ஒரு உடல் மண்டலம் படித்து முடிந்த அன்றே அந்த மண்டலத்தின் கேள்விகளைப் போடுங்கள். தினமும் ஐம்பது போதும், ஆனால் சரியாகப் போட்டதற்கும் தவறாகப் போட்டதற்கும் விளக்கம் முழுதும் படிக்க வேண்டும். தவறியதை நோயின் பக்கத்தில் போய் எழுதுங்கள். டியூட்டி பார்த்துக்கொண்டு படிப்பவர்களுக்கு நான்கு மாதம் நியாயமான கால அளவு. நைட் டியூட்டி முடிந்து வந்த காலையில் புதுப் பாடம் வேண்டாம். அன்று மருந்துத் தாளை மட்டும் புரட்டுங்கள்.

2023 ஏப்ரல் முதல் கேள்வி வடிவம் மாறிவிட்டது, அதற்கு முந்தைய பழைய தொகுப்புகளை மட்டும் நம்பாதீர்கள். ஒரே நோயாளியை வைத்து ஆறு கேள்வி வரும் கேஸ் ஸ்டடி குறைந்தது மூன்று உண்டு. பொருந்தும் எல்லாவற்றையும் தேர்ந்தெடு என்ற வகையில் இப்போது பகுதி மதிப்பெண் கிடைக்கும். ஆனால் தவறாக ஒன்றைத் தொட்டால் ஒரு மார்க் கழியும். உறுதியில்லாததைத் தொடாமல் விடுங்கள்.

உண்மையான தேர்வில் வந்தவை என்று வாட்ஸ்அப் குழுக்களில் விற்கும் கேள்விகளை வாங்காதீர்கள். தேர்வுக் கேள்வியைப் பகிர்வதும் பெறுவதும் ரகசிய ஒப்பந்தத்தை மீறுவது. பிடிபட்டால் முடிவையே ரத்து செய்வார்கள்.

10. தேர்வு நாளும் அதற்குப் பிறகும்

சென்னையிலேயே மையம் உண்டு. இடம் சீக்கிரம் நிரம்பும், அதனால் அனுமதிக் கடிதம் வந்த வாரமே தேதி பிடியுங்கள். வெளியூர்க்காரர்கள் முந்தைய நாளே வந்து தங்குவது நல்லது. அரை மணி நேரம் முன்னால் போக வேண்டும். செல்லுபடியாகும் பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும், ஆதார் உதவாது. உள்ளங்கை ஸ்கேன், புகைப்படம், கையெழுத்து எடுப்பார்கள். கைபேசி, கடிகாரம், பை எதுவும் உள்ளே போகாது. எழுதிப் பார்க்க அழிக்கக்கூடிய பலகை தருவார்கள், கால்குலேட்டர் திரையிலேயே இருக்கும்.

மொத்தம் ஐந்து மணி நேரம், இடைவேளையும் அதில் அடங்கும். குறைந்தது 85 கேள்வி, அதிகம் 150. முந்தைய கேள்விக்குத் திரும்ப முடியாது. 85-இல் நின்றால் பாஸ் என்று சொல்வார்கள், 150 வரை போனால் ஃபெயில் என்றும் சொல்வார்கள், இரண்டும் உண்மையில்லை. எண்ணிக்கையைப் பார்த்து மனம் உடையாமல், திரையில் இருக்கும் கேள்வியை மட்டும் போடுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து வரும் இடைவேளையை எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு வாய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் கடைசிக் கேள்விகளில் வித்தியாசம் தெரியும்.

முடிவை வாரியம்தான் அறிவிக்கும், ஆறு வாரம் வரை ஆகலாம். பல மாநிலங்களுக்கு இரண்டு வேலை நாளில் அதிகாரப்பூர்வமற்ற முடிவைச் சிறு கட்டணத்துக்குப் பார்க்கும் வசதி பியர்சன் வியூ கணக்கிலேயே உண்டு. தேர்ச்சி இல்லை என்றால் 45 நாள் கழித்து மறுபடி எழுதலாம், கட்டணம் மீண்டும் கட்ட வேண்டும். அப்போது ஒவ்வொரு பகுதியிலும் நீங்கள் தேர்ச்சி அளவுக்கு மேலே, அருகே, கீழே என்று எங்கே நின்றீர்கள் எனக் காட்டும் அறிக்கை ஒன்று வரும். புதுப் பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்டும் முன் அதை எடுத்துவைத்துக்கொண்டு உட்காருங்கள். கீழே என்று வந்த பகுதிகளுக்கு உரிய நோய்ப் பக்கங்களை மட்டும் முதல் இரண்டு வாரத்தில் திரும்ப எழுதுங்கள், அதற்குப் பிறகு கேள்வி வங்கியைத் திறங்கள்.